எழும்பியது யார்?

பச்சை விளக்கு எரிந்தால் எல்லோருக்கும் முகம் மலரும். அவருக்கு மட்டும் சந்தேகம் வரும். அந்தச் சந்தேகத்தோடு ஆறு வருசம் ஒரே அறையில் இருந்து வேலை பார்த்தவன் நான். இன்றைக்கு நினைத்தாலும் கொஞ்சம் பயமாகத்தான் இருக்கிறது.

கண்டியை அடுத்த கட்டுகஸ்தோட்டையில், பாலத்துக்கு இந்தப் பக்கம், ஒரு புடவைக்கடையின் மேல்மாடியில் எங்கள் வேர்க்ஷொப். பொறுப்பு என்னுடையது, கையெழுத்தும் என்னுடையது. வேலை தெரிந்தவர் அவர். எங்கள் பக்கத்தில் கைவேலை தெரிந்த ஆணைப் பாஸ் என்று கூப்பிடுவோம். மேசன் பாஸ், பெயின்ட் பாஸ் என்று ஆளுக்கொரு பாஸ் உண்டு. ஒரு பெண் சோல்டரிங் அயனைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று வருகிறவர்களுக்குக் குழப்பம். யாரோ ஒருவர் பாஸ் அக்கா என்றார், அதுவே நிலைத்துவிட்டது. அவருக்கு அப்போது முப்பது வயதுகூட ஆகியிருக்காது. அறுபது வயதுக்காரர்களும் பாஸ் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். சொந்தப் பெயரை எழுத எனக்குக் கை வரவில்லை.

எங்களிடம் வருவதெல்லாம் சின்னக் கம்ப்யூட்டர்கள். திரையும் கீபோர்டும் உள்ளவை இல்லை. பஸ் டிக்கட் மெஷினுக்குள்ளே, பேக்கரி அடுப்புக்குள்ளே, மழை அளக்கிற பெட்டிக்குள்ளே உள்ளங்கை அகலத்தில் ஒரு போர்ட் இருக்கும், அதைத்தான் சொல்கிறேன். கரண்ட் கொடுத்ததும் அது தானாக எழும்பித் தன் வேலையைப் பார்க்க வேண்டும். எழும்பாவிட்டால் எங்களிடம் கொண்டு வருவார்கள்.

எழும்பாத மெஷினுக்கு எல்லோரும் செய்கிற வைத்தியம் ஒன்றுதான். நிப்பாட்டி, மறுபடி போடுவது. நானும் அதைத்தான் செய்யப் போவேன். அவர் என் கையைப் பிடிக்காத குறையாகத் தடுப்பார்.

"பொறுங்கண்ணே. அது பேசிக்கிட்டு இருக்கையில வாயப் பொத்தாதீங்க."

பேசும் என்று அவர் சொன்னது விளையாட்டுக்கு இல்லை. போர்ட் எழும்பும்போது தான் என்னென்ன செய்கிறேன் என்று ஒவ்வொரு படியாகச் சொல்லிக்கொண்டே வரும். காட்டுவதற்கு அதனிடம் திரை இல்லை, அவ்வளவுதான். மூன்று வயர் உள்ள ஒரு கேபிளை அதன் ஓரத்தில் செருகி, மறுமுனையை லெப்டொப்பில் போட்டால் வரி வரியாக ஓடும். பத்து வரி பார்த்தால் எனக்குக் கொட்டாவி வந்துவிடும். அவர் முதல் வரியில் இருந்து படிப்பார். எந்த வரியோடு பேச்சு நிற்கிறதோ அதற்கு அடுத்த படியில் நோய். ஒரு வரியுமே வராவிட்டால் கரண்டில் கோளாறு. பாதி வந்து, மறுபடி முதல் வரிக்கே போய், மறுபடி பாதி வந்தால் பெரும்பாலும் மெமரி கார்டில் கோளாறு. அந்த நகக்கண் அளவு கார்டை எங்கள் பக்கத்தில் சிப் என்று சொல்வோம். இதெல்லாம் உட்கார்ந்து படித்தால் எவருக்கும் வரும். அதற்குப் பிறகு அவர் செய்ததைத்தான் நான் வேறு எவரிடமும் பார்த்ததில்லை.

மெஷின் எழும்பிய பிறகும் தர மாட்டார்.

மடவளை பஸ் ஒன்றின் கொண்டக்டர், நாங்கள் நானா என்று கூப்பிடுகிற முஸ்லிம் அண்ணன், டிக்கட் மெஷினைக் கொடுத்துவிட்டு வாசலிலேயே நின்றார். மெஷின் எழும்பிவிட்டது, பச்சையும் எரிகிறது. பாஸ் அக்கா தருகிற பாடாக இல்லை.

"என்ன தங்கச்சி, லைட் பத்துது தானே. தாங்களே, பஸ் எடுக்கப் போறாங்க."

"லைட்டு எரியிறது இருக்கட்டும் நானா. எழும்பினது யாருன்னு பாக்கணும்."

"யாரா? என்ட மெஷின்தானே எழும்பீக்கி. வேற யாரு?"

பாஸ் அக்கா எழுந்து போனார். ஒரு தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்து மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்தார். குடித்து முடியும்வரை அதைத் தொடவில்லை, பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு ஒரு டிக்கட் அடித்தார். ஊர் சரியாக இருந்தது. திகதி மட்டும் அந்தக் கொண்டக்டர் பிறப்பதற்கு முந்திய ஏதோ ஒரு ஜனவரி முதலாம் திகதி. உள்ளே இருந்த சின்னப் பெட்டரி செத்து, மெஷின் தன் காலத்தை மறந்து எழும்பியிருக்கிறது.

கொண்டக்டர் விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சிரித்தேன். பாஸ் அக்கா பெட்டரியை மாற்றிக்கொண்டே, "எழும்பிருச்சுன்னு சந்தோசப்படக் கூடாது. யாரா எழும்பிச்சுன்னு பாக்கணும்," என்றார். அதை ஒரு நாளைக்குப் பத்துத் தரமாவது சொல்வார். எனக்குக் காது புளித்துப்போயிருந்தது.

அந்தப் பேச்சு எங்கிருந்து வந்தது என்று இரண்டாம் வருசம்தான் தெரிந்தது. அவருடைய ஊர் மடுல்கெல்லைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம். அம்மா கொழுந்து எடுத்தவர். ஒருநாள் மலையில் மயங்கி விழுந்து, மூளையில் இரத்தம் கசிந்து, கண்டியில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் பத்து நாள் நினைவில்லாமல் கிடந்தார். பதினோராம் நாள் கண் விழித்தார். பக்கத்துக் கட்டில்காரர்கள் எல்லோரும் கையெடுத்துக் கும்பிட்டார்களாம்.

"நானும் ஓடிப்போயி கையப் புடிச்சேண்ணே. என்ன நல்லாப் பாத்துட்டு, 'நீ காளி மவதானே? ஒங்கம்மா எங்கடி, ஆளக் காணோமே'ன்னு கேட்டாங்க."

காளியம்மா என்பது அந்த அம்மாவின் பெயர்தான். ராக்கு என்று அவருக்கு ஓர் அக்கா இருந்து, பாஸ் அக்கா பிறந்த வருசம் செத்துப்போனாராம். அம்மா எழும்பியது அந்த ராக்குவாக. போகப் போகத் தெளியும் என்று டாக்டர்மார் சொன்னார்கள். தெளியவில்லை. சாப்பிட்டார், நடந்தார், பாட்டுக்கூடப் பாடினார். காளியம்மா என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க மாட்டார். ராக்கு என்றால் "என்னடி" என்று வருவார்.

இதையெல்லாம் ஒரு போர்ட்டைத் துடைத்தபடியே சொன்னார். "எல்லாரும் சந்தோசமா வந்து சொன்னாங்க, ஒங்கம்மா எழும்பிட்டாங்கன்னு. அவுங்களுக்கு நான் என்னத்தண்ணே சொல்றது?"

அதற்குப் பிறகுதான் ஒன்றைக் கவனித்தேன். காலையில் நான் படியேறி வந்தால் அவர் ஒரு கணம் என் முகத்தை நிதானித்துப் பார்த்துவிட்டுத்தான் "வாங்கண்ணே" என்பார். நேற்றுப் போன ஆள்தான் வந்திருக்கிறேனா என்று பார்ப்பதுபோல இருக்கும். "நான்தாம்மா, வேற யாரும் இல்ல," என்று பகிடி பண்ணுவேன். "அது சரிண்ணே," என்பார். சிரித்ததாக ஞாபகம் இல்லை.

மழைப்பெட்டிகள் எங்கள் கைக்கு வந்தது நாலாம் வருசம். மண் சரியக்கூடிய பதினொரு இடங்களில் ஒரு தொண்டு நிறுவனம் அவற்றை வைத்தது. பார்த்துக்கொள்ளும் வேலை எங்களுக்கு. ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு நம்பர் உண்டு, அந்த நம்பர்தான் அதன் பெயர். அது பெட்டிக்குள் இருக்கும் சிப்பில் எழுதியிருக்கும். மழை அளவு மீறினால் பெட்டி தன் நம்பரை எங்கள் கம்ப்யூட்டருக்குச் சொல்லும். அந்த நம்பருக்கு எந்த ஊரோ அந்த ஊர்க்காரர்களின் போனுக்கு, உடனே வீட்டை விட்டு இறங்குங்கள் என்று மெசேஜ் போகும். நடுவில் மனிதர் யாரும் இல்லை, அதனால் பிழை வராது என்று திறப்பு விழாவில் பேசினார்கள். பேசியவர்களில் நானும் ஒருவன்.

ஒரு பெட்டி கண்டிக்கு அந்தப் பக்கம் கடுகண்ணாவையில் இருந்தது. ஒன்று மடுல்கெல்லைக்கு மேலே, அவருடைய அம்மா குடியிருந்த மேட்டு லயம் என்ற தொழிலாளர் வீட்டு வரிசைக்குப் பின்னால். இன்னொன்று அதற்கும் மேலே, பஸ் திரும்புகிற கடைசித் தோட்டத்தில். அதை நாங்கள் மேலத் தோட்டம் என்போம்.

ஆறாம் வருசக் கடைசியில், மழைக்காலம் பிடிக்கிற நேரத்தில், ஓர் இடியில் மலையில் இருந்த அந்த இரண்டு பெட்டிகளும் ஒன்றாகப் படுத்துவிட்டன. அன்றைக்கு அவருக்குக் காய்ச்சல். மறுநாள் கடுகண்ணாவைக்கு வேறு அவர் போயாக வேண்டும். மலைக்கு நானே போகிறேன் என்று போனில் சொன்னேன்.

"என்ன சொல்லுதுன்னு படிச்சிட்டு அப்பறமா சிப்ப மாத்துங்கண்ணே," என்றார்.

படிக்க எனக்குப் பொறுமை ஏது? கடுகண்ணாவைப் பெட்டி நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. அதன் சிப்பில் இருந்து எடுத்த கொப்பி என் கம்ப்யூட்டரில் இருந்தது. அதை இரண்டு புதுச் சிப்பில் இறக்கிப் பொக்கெட்டில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். எங்கள் தொழிலில் அவசரத்துக்கு எல்லோரும் செய்கிறதுதான். நன்றாக எழும்புகிற ஒன்றின் கொப்பியைப் போட்டால் எழும்பாததும் எழும்பும். போட்ட பிறகு நம்பரை மட்டும் மாற்ற வேண்டும். ஒரேயொரு வரி. அந்த ஒரு வரியை நான் மறந்துபோனேன்.

மேட்டு லயத்துப் பெட்டியில் சிப்பைப் போட்டதும் பச்சை எரிந்தது. மேலத் தோட்டத்திலும் எரிந்தது. மழை இருட்டிக்கொண்டு வந்தது, இறங்குகிற பஸ் ஹோர்ன் அடித்தது. ஒரு தேத்தண்ணி குடிக்கிற நேரம்கூட நான் அந்தப் பெட்டிகளுக்கு முன்னால் நிற்கவில்லை.

பேசாத பெட்டியின் நம்பரை எங்கள் வேர்க்ஷொப் திரை சிவப்பாகக் காட்டும்; மறுநாள் காலையில் அந்த இரண்டும் சிவப்பாகவே கிடந்தன. பச்சையைக் கண்ணால் பார்த்துவிட்டு வந்தவனுக்கு என்ன சந்தேகம் வரும்? மலையில் சிக்னல் அப்படித்தான் என்று விட்டுவிட்டேன்.

பகல் பதினொரு மணி இருக்கும். கடுகண்ணாவையில் நடந்ததைப் பிறகு அங்கிருந்த பலசரக்குக் கடைக்காரர்தான் எனக்குச் சொன்னார். பெட்டி இருந்தது அவர் கடைக்குப் பின்புறம். பாஸ் அக்கா அதைத் திறந்து பெட்டரி மாற்றிக்கொண்டிருக்கும்போது கடைக்காரரின் போன் கத்தியிருக்கிறது. மழை அளவு மீறிவிட்டது, உடனே இறங்குங்கள் என்று மெசேஜ். கடைக்காரர் வாசலில் வெயிலில் காயப்போட்டிருந்த மிளகாயைக் காட்டிச் சிரித்தாராம்.

"பாருங்க பாஸ் அக்கா, ஒங்க பெட்டிக்குக் கிறுக்குப் புடிச்சிருச்சு."

அவர் அந்த மூன்று வயரைச் செருகிப் பார்த்திருக்கிறார். மழை பூச்சியம். இந்தப் பெட்டி ஒருவருக்கும் ஒன்றும் அனுப்பவில்லை. அப்படியென்றால் இதன் பெயரைச் சொல்லிக்கொண்டு வேறெங்கோ ஒன்று கத்துகிறது. "அக்கா மூஞ்சி வெளிறிப் போச்சுங்க," என்றார் கடைக்காரர்.

எனக்குப் போன் வந்தது.

"அண்ணே, கடுகண்ணாவை சிப்ப எங்க போட்டீங்க?"

"ஏம்மா, என்ன…"

"எங்க போட்டீங்க?"

"மேட்டு லயத்துல."

மறுபக்கம் ஒரு மூச்சு கேட்டது. உடனே வெட்டிவிட்டார். இரண்டாவது இடத்தைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன், அதற்குள் வெட்டிவிட்டார். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். மேலத் தோட்டத்துத் தலைவருக்கு ஒரு போன் போட்டேன். எடுக்கவில்லை. திரும்பப் போடவும் இல்லை.

பாஸ் அக்கா அடுத்துக் கூப்பிட்டது மேட்டு லயத்துப் பிள்ளைக்காம்பரா ஆயாவை. மலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளைப் பகலில் பார்த்துக்கொள்கிற ஆயா அவர், லயத்தில் இருக்கிற நேரம் அது.

"அக்கா, காரணம் கேக்காதீங்க. மேட்டு லயத்துச் சனத்த எல்லாம் கோயிலுக்கு எறக்குங்க, இப்பவே. எங்கம்மாவக் காளியம்மான்னு கூப்புடாதீங்க, வர மாட்டாங்க. ராக்குன்னு கூப்புடுங்க. காளி கீழ நிக்கிறா, ஒன்ன வரச் சொல்றான்னு சொல்லுங்க."

ஆயா அப்படியே செய்தார். காளி வந்துட்டாளா, எங்க, எங்க என்று கேட்டபடி அந்த அம்மா மழையில் எல்லோருக்கும் முன்னால் இறங்கி ஓடினாராம். பன்னிரண்டு வீட்டுச் சனமும் கோயில் மண்டபத்துக்குள் போய் அரை மணி நேரம் ஆகவில்லை, பின்னால் இருந்த சரிவு அப்படியே வந்து லயத்தின் மேல் உட்கார்ந்தது. ஆறு காம்பரா வீடு மண்ணுக்குள்ளே போனது. அம்மாவின் காம்பராவும் அதில் ஒன்று. மனிதர் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. என் பெட்டியும் மண்ணோடு போனது. அது என்ன பெயரில் எழும்பியிருந்தது என்பது எனக்கும் அவருக்கும் மட்டும் தெரிந்த விசயமாகிவிட்டது.

நாலாம் நாள் ஆயாவும் மேட்டு லயத்துத் தலைவரும் படியேறி வந்தார்கள். பாஸ் அக்கா அம்மாவைப் பார்த்துவிட்டு அன்றுதான் வேலைக்கு வந்து மூலை மேசையில் உட்கார்ந்திருந்தார். தலைவர் கையில் ஓர் உரப்பை, அதற்குள் சவ்சவ் காயும் ஒரு பைக்கட் தேயிலையும். வீட்டை இழந்து கோயிலில் படுக்கிற சனம் எனக்குக் காய் அனுப்பியிருந்தது.

"ஒங்க பெட்டி இல்லாட்டி எங்க சனம் அப்புடியே போயிருக்கும்ங்க," என்றார் தலைவர். "எங்க போனுக்கு மெசேஜ்தான் வரல, சிக்னல் இல்ல போல. ஆனா ஒங்க ஆள் மூலமாச் சரியான நேரத்துக்குச் சொல்லிட்டீங்க."

நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். நான் எழுந்து நின்று அந்தப் பையை இரண்டு கையாலும் வாங்கினேன். "அது எங்க கடமைங்க," என்றேன். என் குரல் நன்றாகத்தான் இருந்தது.

அவர்கள் போன பிறகு பாஸ் அக்கா திரையைப் பார்த்தார். மேலத் தோட்டம் சிவப்பாக இருந்தது.

"அண்ணே, அந்த சிப்ப வேற எங்கயாச்சும் போட்டீங்களா?"

"இல்லம்மா."

"மேலத் தோட்டத்துல?"

"அது இன்னும் எழும்பவே இல்ல. மழை விட்டதும் போகணும்."

விடிந்ததும் ஒருவருக்கும் தெரியாமல் போய் நம்பரை மாற்றிவிடுவதாக இருந்தேன். ஒரு நாள் பொறுத்தால் என்ன ஆகிவிடும் என்ற நினைப்பு. வெளியே மழை விட்டபாடில்லை.

அவர் எழுந்துபோய் ஒரு தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்தார். கதிரையை என் மேசைக்கு முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். குடித்து முடியும்வரை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையை நான் ஆறு வருசமாக அறிவேன். மெஷின்கள்மேல்தான் அது விழும். அவர் கோப்பையைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார், மூன்று வயர் கேபிளைச் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டார், படியிறங்கிப் போனார்.

விடிந்து நான் பஸ் ஸ்டாண்டுக்குப் போனபோது மலைக்கு முதல் பஸ் போய்விட்டது, அடுத்தது மழையால் நிற்கிறது என்றார்கள். அங்கேயே நின்றேன். பத்து மணிக்குப் போன் வந்தது. பேச்சுக்கு முன்னால் தகரத்தில் மழை கொட்டுகிற சத்தம் கேட்டது.

"அண்ணே, மேலத் தோட்டத்துல நிக்கிறேன். பெட்டி எழும்பி இருக்கு. பச்சை எரியிது."

நான் போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"பேரு கேட்டேன். கடுகண்ணாவைங்குது."

நான் பஸ் ஸ்டாண்ட் தூணில் சாய்ந்தேன்.

"நம்பர மாத்திட்டேன். மாத்துன ஒடனே இங்கத்தத் தலைவர் போனுக்கு மெசேஜ் வந்திருச்சு. சனத்த எறக்கிக்கிட்டு இருக்காங்க." மழைச் சத்தத்துக்கு மேலாகக் கேட்டார். "நேத்து எந்திரிச்சு நின்னு ரெண்டு கையாலயும் வாங்குனீங்களே, அது யாருண்ணே?"

அவர் வெட்டவில்லை. பதிலுக்காகப் பொறுத்திருந்தார். ஒரு தேத்தண்ணி குடிக்கிற நேரம் இருக்கும். நான் சொல்லியிருக்கலாம். பக்கத்தில் பஸ்காரர்கள் ஊர்ப் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தார்கள், அந்தச் சத்தத்தைச் சாட்டாக வைத்து நான் சும்மா நின்றேன். பிறகு போன் வெட்டுப்பட்டது. மேலத் தோட்டத்தில் அன்று மண் இறங்கவில்லை. அவர் அதற்குப் பிறகு வேர்க்ஷொப்புக்கு வரவில்லை. அம்மாவைக் கூட்டிக்கொண்டு எங்கே போனார் என்று மடுல்கெல்லையில் கேட்டால் ஆளுக்கொரு ஊரைச் சொல்கிறார்கள். எச்சரிக்கை உரிய நேரத்தில் சென்றது என்று தொண்டு நிறுவனத்துக்கு ரிப்போர்ட் போனது. அதில் கையெழுத்து என்னுடையது.

அவர் விட்டுப்போன மேசையில் இப்போது நான்தான் உட்காருகிறேன். வரிகளை முதலில் இருந்து படிக்கிறேன். எழும்பிய மெஷினை உடனே தருவதில்லை. ஒரு தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்து அதற்கு முன்னால் உட்கார்ந்து, அதன் பெயரையும் திகதியையும் கேட்ட பிறகுதான் தருகிறேன். வருகிறவர்கள் என்னைப் பாஸ் என்கிறார்கள். போன கிழமை பேக்கரிக்காரர் ஒருவர் அடுப்புப் போர்ட்டைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, நான் தேத்தண்ணி குடித்து முடிக்கும்வரை பொறுமையாக நின்றார்.

"இந்த மாதிரி நிதானத்த நான் எங்கயும் பாத்ததில்ல பாஸ்," என்றார். "யாருகிட்டப் பழகுனீங்க?"

"யாருகிட்டயும் இல்லங்க," என்றேன். "நானாப் பழகுனதுதான்."